காதல் தென்படலாகாது

யாராவது ஒரு படம் எடுத்தால், மக்கள் அதைப் பார்ப்பதற்கு முன், மக்கள் பார்க்கலாமா என்று மூன்று பேர் பார்த்துச் சொல்ல வேண்டும். இது நல்ல ஏற்பாடுதான். அந்த மூன்று பேர் எதைப் பார்த்தாலும் கெட்டுப்போக மாட்டார்கள் என்று அரசாங்கத்துக்கு நிச்சயமாகத் தெரியும். மற்றவர்களைப் பற்றி அப்படி உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

அந்த மூவர் தணிக்கை வாரியத்தின் தலைவர் அணைக்கட்டு இலாகாவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கட்டிய அணை ஒன்று கசிந்து, அதற்கு விசாரணை வைத்து, கசிவு தண்ணீரின் இயல்பு என்று முடிவாகி, அதன் பிறகு அவரைக் கலைத்துறைக்கு அனுப்பிவைத்தார்கள். இரண்டாவது உறுப்பினர் பல் டாக்டர். மூன்றாவது, பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்த அம்மையார். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காரவைத்து, நடுவில் தான் நடந்துபோக வழி விட்டுப் பாடம் நடத்தியவர். அந்த வழியைத்தான் தன் வாழ்நாள் சாதனையாகச் சொல்லிக்கொள்வார்.

இவர்கள் முன்னால் ஒரு நாள் ஒரு பெண் தன் முதல் படத்தைக் கொண்டுவந்தாள். பதினேழு வயதுப் பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் காதலிக்கிற கதை.

அவள் அதுவரை கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைத்தவள். வருஷக்கணக்கில் ஊரார் கல்யாணத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. கேமராவுக்காகச் சிரிக்கிற ஜோடி எது, கேமரா வேறு பக்கம் திரும்பின பிறகும் சிரிக்கிற ஜோடி எது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். இரண்டாவது ரகம் அபூர்வம். அதைப் படமாக எடுக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

பணம் போட்டவர் தாய்மாமன். பிளாஸ்டிக் வாளி கம்பெனி வைத்திருந்தார். "எத்தனை நல்ல வாளி செஞ்சாலும் ஒருத்தரும் கைதட்ட மாட்டேங்கிறாங்கம்மா" என்று அவருக்கு வெகுநாளாக மனக்குறை. படத்தில் எங்கேயாவது ஒரு வாளி தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

நடிக்க வந்த இரண்டு பேரும் நிஜமான பள்ளிக்கூடப் பிள்ளைகள். பையன் வளர்ந்துகொண்டே போனவன். சதை போட மறந்துவிட்டான். எல்லாரும் அவனை ஒட்டடைக்குச்சி என்பார்கள். பெண்ணுக்குத் தடித்த கண்ணாடி. சோடாபுட்டி. அவளுடைய அம்மா, தினமும் படப்பிடிப்பில் தான் கூடவே உட்கார்ந்திருப்பேன் என்ற நிபந்தனையோடு அனுமதித்திருந்தாள்.

கூட உட்கார வேண்டிய அவசியமே இல்லை. ஒட்டடைக்குச்சிக்கும் சோடாபுட்டிக்கும் முதல் நாளிலிருந்தே ஆகவில்லை. அவன் சும்மா இருக்கும்போதெல்லாம் விரலைச் சொடுக்குவான். அவள் அவன் பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்திலும் பிழை கண்டுபிடிப்பாள். கூரையில்லாத பஸ் நிறுத்தத்தில் மழையில் மாட்டிக்கொண்டு, ஒரே குடைக்குள் நெருங்கி நின்று ஒருவரையொருவர் பார்க்கிற காட்சிதான் படத்தின் உயிர். அதை எடுக்க ஒரு முழுப் பகல் போயிற்று.

"கொஞ்சம் ஆசையாப் பாரும்மா" என்று இயக்குநர் கெஞ்சினாள்.

"பாக்கறேன் மேடம். அவன் மூக்குல ஏதோ ஒட்டிட்டிருக்கு."

"நீ பாருடா."

"இவ பக்கத்துல நின்னா பரீட்சை ஹாலுக்குள்ள நிக்கற மாதிரியே இருக்கு மேடம்."

எப்படியோ எடுத்தார்கள். தொகுக்க உட்கார்ந்தபோது இயக்குநருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது: இது முதல் ரகம். கேமராவுக்காகச் சிரிக்கிற ஜோடி. எங்கே வெட்டினாலும் எங்கே ஒட்டினாலும் காதல் வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாமா மட்டும் வாளி வந்த காட்சியில் கண்கலங்கினார்.

வாரியத்தின் திரையரங்கில் விளக்கு போட்டதும் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல காதல் இருக்கு."

"காதல் படம்தானே சார்."

"அது தெரியுதும்மா. அதான் பிரச்சினை. தெரியுது." அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "பையனுக்கு என்ன வயசு?"

"பதினேழு சார்."

"பதினேழு வயசுல பாங்குல கணக்கு தொடங்கணும்னாக்கூட காப்பாளர் கையெழுத்து வேணும். காதல் தொடங்கறதுக்கு யாரு கையெழுத்து போட்டாங்க?"

"காதலுக்குக் கையெழுத்து கிடையாதே சார்."

"அப்ப செல்லாது."

அம்மையார் குறுக்கிட்டார். "ஒரு வழி இருக்கு. எல்லாக் காட்சியிலயும் பெத்தவங்களைப் பக்கத்துல உக்கார வெச்சிடுங்க."

"பக்கத்துல அவங்க இருந்தா இவங்க எப்படிங்க காதலிப்பாங்க?"

"மாட்டாங்க. அதைத்தானே சொல்றேன்."

பல் டாக்டர் சமாதானப் பிரியர். "வயசை முப்பத்தஞ்சுன்னு மாத்திடலாமே? பல்லை மூடிட்டு நடிச்சாங்கன்னா யாருக்கும் தெரியாது."

"ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருக்காங்களே டாக்டர்?"

"ஃபெயிலாயிட்டே இருக்காங்கன்னு ஒரு வசனம் வெச்சிடுங்க."

அம்மையாருக்கு வந்ததே கோபம். "முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஒரு பிள்ளையைப் பாஸ் பண்ண வைக்க முடியாத ஸ்கூலா? கல்வி இலாகா மானம் என்ன ஆவறது?" அந்த யோசனை கவனமுடன் பரிசீலிக்கப்பட்டுக் கைவிடப்பட்டது.

பிறகு மூவரும் குடைக் காட்சிக்கு வந்தார்கள். அதைத் தெளிவு கருதித் திரும்பவும் போட்டுப் பார்த்தார்கள். இன்னொரு முறை, ஒலி இல்லாமல் பார்த்தார்கள்.

"அந்தப் பார்வை இருக்கே!" என்றார் அம்மையார், முந்தானையால் கழுத்தை விசிறிக்கொண்டு. "அந்தப் பொண்ணு அவனை அப்படியே முழுங்கற மாதிரி பாக்கறா."

அந்தப் பார்வை எதனால் வந்தது என்று இயக்குநருக்குத் தெரியும். அவன் இன்னொரு தரம் விரலைச் சொடுக்கினால் குடையாலேயே அடிப்பது என்று சோடாபுட்டி முடிவு செய்த நேரம் அது. 'இதில் காதலே இல்லை சார், எனக்கு எடுக்க வரவில்லை' என்று உண்மையைச் சொல்லிவிட்டால் படம் அப்போதே வெளியே வந்திருக்கும். ஆனால் முதல் படம் எடுத்தவர்கள் யாரும் அந்த வாக்கியத்தைச் சொன்னதாக வரலாறு இல்லை. அவளும் சொல்லவில்லை.

வாரியத்தின் ஆணை பின்வருமாறு அமைந்தது. கதையில் காதல் இருக்கலாம், ஆனால் தென்படலாகாது. மேற்படி இருவரும் தொடலாகாது, ஒருவரையொருவர் நோக்கலாகாது, ஒரே குடையின் கீழ் நிற்கலாகாது. ஆளுக்கொரு குடை வழங்கப்பட வேண்டும். 'காதல்' என்ற சொல் வருமிடமெல்லாம் 'மரியாதை' என்று மாற்றப்பட வேண்டும். காட்சிகளை மறுபடி எடுக்கும்போது வாரியத்தின் எழுத்தர் ஒருவர் உடனிருந்து இடைவெளியைப் பேண ஆவன செய்வார்.

இயக்குநர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாளிக்கு ஏதாவது ஆட்சேபணை சொன்னாங்களாம்மா?"

"இல்ல மாமா."

"அப்ப எடுத்துடுவோம்மா. இவ்வளவு தூரம் வந்தாச்சு."

எழுத்தர் வந்து சேர்ந்தார். கடமையில் குறையே வைக்காத மனிதர். ஒரு துணி அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் இருவருக்கும் நடுவில் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கே அவருக்கு 'இடைவெளி ஐயா' என்று பெயர் வந்துவிட்டது. சோடாபுட்டியின் அம்மா அவரைப் பார்த்ததும் நிம்மதியானாள். "அரசாங்கமே பாத்துக்குதுன்னா நான் எதுக்கு?" என்று வீட்டுக்குப் போனவள் மறுபடி வரவே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் நேரடியாப் பேசக் கூடாது" என்று அறிவித்தார் இடைவெளி ஐயா. "அவசியம்னா என் மூலமாத் தெரிவிக்கலாம்."

அதுவரை பேசவே பிடிக்காமல் இருந்தவர்களுக்கு, பேசக் கூடாது என்று சொன்னதும் பேச வேண்டியது ஏகப்பட்டது இருப்பது நினைவுக்கு வந்தது.

"ஐயா, அந்தத் தண்ணி பாட்டில் என்னோடதுன்னு அவன்கிட்ட சொல்லுங்க."

எழுத்தர் இடப்பக்கம் திரும்பினார். "தண்ணீர் பாட்டில் தன்னுடையது என்று எதிர்த்தரப்பு கோருகிறது."

"குடிச்சாச்சுன்னு சொல்லுங்க ஐயா."

வலப்பக்கம் திரும்பினார். "மேற்படி தண்ணீர் அருந்தப்பட்டுவிட்டது."

"எச்சில் வெச்சா?"

"எச்சில் குறித்து விளக்கம் கேட்கப்படுகிறது."

"அண்ணாந்துதான் குடிச்சேன் ஐயா, சத்தியமா."

இப்படித்தான் தொடங்கியது. முதலில் சண்டைகள் அவர் வழியாகப் போயின. சண்டையைத் தாங்களே போடும்போது அது சண்டையாக இருந்தது. அவர் வாயால் போகும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவர் பார்க்காத பக்கமாகத் திரும்பிச் சிரித்தார்கள். ஒருவர் சிரிப்பது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் தோள் குலுங்குவது தெரியும்.

ஒரு நாள் ஒட்டடைக்குச்சி வரவில்லை. மறுநாள் முகம் வாடி வந்து உட்கார்ந்தான். வலப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஐயா, நேத்து ஏன் வரலைன்னு கேளுங்க."

"நேற்றைய வருகையின்மைக்குக் காரணம் கோரப்படுகிறது."

"காய்ச்சல்."

"காய்ச்சல் என்று தெரிவிக்கிறார்."

"மாத்திரை சாப்பிட்டானா?"

"சாப்பிட்டேன்னு சொல்லுங்க."

"சும்மா சொல்றான் ஐயா. கண்ணு சிவந்திருக்கு."

இடைவெளி ஐயா கண்டிப்பாகக் குரலை உயர்த்தினார். "கண் சிவந்திருப்பது உனக்கு எப்படித் தெரியும்? நோக்கலாகாதுன்னு ஆணை இருக்கு இல்ல?"

அவள் தலைகுனிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை அந்தப் பக்கம் ஒப்படைத்தார். விதியில் மாத்திரை பற்றி ஒன்றும் இல்லை.

குடைக் காட்சி கடைசியாக வந்தது. இரண்டு குடைகள். நடுவில் நாடாவால் அளந்த இடைவெளி. குழாய் மழை கொட்டியது. இருவரும் நேர் எதிரே, வராத பஸ்ஸைப் பார்த்தபடி நின்றார்கள். பேச வேண்டிய வசனம், முன்பு காதலாக இருந்து இப்போது திருத்தப்பட்டது.

"நான் உன்னை மதிக்கிறேன்" என்றான் அவன், பஸ் வரும் திசையைப் பார்த்து.

"எவ்வளவு நாளா?"

"தெரியல."

படப்பிடிப்புக் குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது ஒட்டடைக்குச்சியின் குடை விளிம்பிலிருந்து வழிந்த தண்ணீர் அவளுடைய செருப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவன் பார்க்காமலே குடையை மெல்லத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டான். தண்ணீர் முழுக்க அவன் தோளில் இறங்கியது. அவள் காலை நகர்த்தவில்லை, திரும்பவில்லை. கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டாள். அது இல்லாமல் அவளுக்கு எதுவுமே தெரியாது. பஸ் வந்திருந்தால்கூடத் தெரிந்திருக்காது.

இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் மூச்சு விடவில்லை. 'கட்' சொல்ல வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோனது. எத்தனையோ கல்யாணங்களில் தேடித் தேடி எப்போதாவது கண்ணில் படுகிற அந்த இரண்டாவது ரகம் இங்கே கொட்டுகிற மழையில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் இடைவெளி ஐயா நாடாவைப் பிடித்துச் சரிபார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

மறுபடி வாரியம் கூடியது. படம் முடிந்து விளக்கு எரிந்தது.

"எங்கேயோ கசியுது" என்றார் தலைவர்.

"எங்க சார்?"

"அதான் தெரியல. அந்தக் குடையை மறுபடி போடுங்க."

போட்டார்கள். "தொடல" என்றார் பல் டாக்டர். "பாக்கல. ஒரு பல்லு கூடத் தெரியல."

"அப்புறம் நீங்க ஏன் மூக்கை உறிஞ்சறீங்க?"

"ஏசி அதிகமா இருக்கு சார்."

அம்மையார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமோ பேசுவதுபோல, "அவ ஏன் கண்ணாடியைக் கழட்டினா?" என்றார். அதற்குக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடி கழற்றுவதைத் தடைசெய்யும் விதி இருக்கிறதா என்று தேடினார்கள், இல்லை. இடைவெளி ஐயாவைக் கூப்பிட்டார்கள்.

"உங்க முன்னிலையில இவங்களுக்குள்ள ஏதாவது நடந்ததா?"

"எதுவும் நடக்கல சார். எல்லாம் என் வழியாத்தான் நடந்தது."

இருக்குமிடம் தெரியாத ஒன்றை வெட்ட வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. ஆகவே படத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. 'எல்லா வயதினரும் பார்க்கலாம். மழைக்காலச் சாலை ஒழுக்கம் குறித்து மாணவர்களுக்குக் குறிப்பாகப் பரிந்துரைக்கப்படுகிறது.'

இயக்குநர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் செய்த ஒன்றைப் பற்றிப் பெருமைப்பட்டாள். அந்தப் பெருமை படம் வெளியாகும் நாள்வரை இருந்தது.

அதற்குள் பழைய பிரதி வெளியே வந்துவிட்டது. வாரியம் தடைசெய்த அந்த முதல் வடிவத்தை, 'உனக்கு மட்டும்' என்று பல் டாக்டர் தன் மச்சானுக்கு அனுப்ப, மச்சான் அதேபோல் தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் அனுப்ப, வார முடிவில் அது எல்லாருடைய போனிலும் இருந்தது. கசிவு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கத் தலைவரின் தலைமையிலேயே ஒரு குழு அமைக்கப்பட்டது. அவருக்கு அதில் முன்னனுபவம் உண்டு.

'தடை செய்யப்பட்ட காதல்!' என்றது தொலைக்காட்சி. ஜனங்கள் பஸ்ஸில், பாங்கு வரிசையில், பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது என்று பார்த்தார்கள். பார்த்து உருகினார்கள். 'அவள் அவனைப் பார்க்கிற அந்த ஒரு பார்வையில் ஒரு தலைமுறையின் ஏக்கம் இருக்கிறது' என்று ஒரு விமரிசகர் எழுதினார். இன்னொருவர் அவன் விரல் சொடுக்கும் சத்தத்தை இதயத்துடிப்பின் குறியீடு என்று விளக்கினார். மழையே இல்லாத நாட்களில் இளைஞர்கள் ஜோடி ஜோடியாக ஒரே குடைக்குள் நடந்தார்கள். கடைகளில் இரண்டு கைப்பிடி வைத்த குடை வந்தது. கொஞ்ச நாளில் வீதியில் போகிற யாரைப் பார்த்தாலும், எதிரில் இருப்பவரின் மூக்கில் ஏதோ ஒட்டியிருப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார்கள். அதுதான் பேஷன்.

இயக்குநர் ஒரு பகல் காட்சிக்குத் தன் அனுமதிக்கப்பட்ட படத்தைப் பார்க்கத் திரையரங்குக்குப் போனாள். உள்ளே, பரிந்துரைக்கப்பட்டதால் அழைத்துவரப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒரு கணவன் மனைவி. பாதியில் எழுந்தவர்களை அவள் வாசலில் மடக்கினாள்.

"ஏங்க, குடைக் காட்சி இனிமேதான் வரும். அதைப் பாத்துட்டுப் போங்களேன்."

"அதுல என்ன இருக்கு? எல்லாத்தையும் வெட்டிட்டாங்களே" என்றார் கணவர். மனைவி கரிசனமாக அவள் கையைப் பிடித்து, "வெட்டாதது எங்ககிட்ட இருக்கு. அனுப்பவாம்மா?" என்றாள்.

பொறுக்கமாட்டாமல் இயக்குநர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"முதல்ல எடுத்ததுல காதலே இல்லைங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு அப்ப ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காது. ரெண்டாவதுலதான் இருக்கு. தயவுசெஞ்சு அதைப் பாருங்க."

பேட்டி எடுத்தவர் கேமராவின் பக்கம் திரும்பித் தழுதழுத்த குரலில் கேட்டார்: "நேயர்களே, இந்தப் பெண்ணை இப்படிப் பேசவைத்தது யார்?"

அன்று மாலையே அவளை மிரட்டியவர்களைக் கண்டித்து ஊர்வலம் போனது. ஆளுக்கு அரைக் குடை பிடித்துப் போனார்கள். அரசாங்கம் மக்கள் உணர்வைக் கருத்தில் கொண்டு, தான் தடைசெய்த படத்துக்குத் தானே அந்த ஆண்டின் சிறந்த முதல் படம் என்று விருது அறிவித்தது. விருதை வழங்கியவர் வாரியத்தின் தலைவர். "இந்தப் படத்தில் காதல் இருப்பதை நாட்டிலேயே முதன்முதலில் கண்டுபிடித்தது எங்கள் வாரியம்தான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. திரையில் வாளி தெரிந்தபோதும் கைதட்டினார்கள். மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

இயக்குநர் மேடைக்குப் போகும்போது, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். மாமாவைப் பார்த்தாள். அடுத்த படத்தை நினைத்தாள். வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். அடுத்த படத்துக்கு ஆள் கிடைப்பது இப்போது சுலபமாகிவிட்டது. எல்லாரும் அதே பார்வை வேண்டும் என்றார்கள்.

அந்த விழாவுக்குச் சோடாபுட்டியின் அம்மாவும் போயிருந்தாள். படத்தை எத்தனையாவது தடவையோ பார்த்து, அழுது, முகம் வீங்கி, பக்கத்து வீட்டு அம்மாவோடு திரும்பி வந்தாள்.

"பாவம் அந்தக் குழந்தைங்க" என்று வழியெல்லாம் புலம்பினாள். "அவ்வளவு ஆசையா இருக்கறவங்களைப் போயி தடுக்கறதாவது! பெத்தவங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

வீட்டு வாசற்படியில் அவளுடைய மகள் உட்கார்ந்து இயற்பியல் புத்தகத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு படி கீழே ஒட்டடைக்குச்சி குனிந்து, அவளுடைய அறுந்த செருப்பு வாருக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தான். அவள் ஒரு கேள்வி கேட்டாள். அவன் தப்பாகப் பதில் சொன்னான். அவள் திருத்தினாள். ஊக்கு அவன் விரலில் குத்தியது. அவள் படிப்பதை நிறுத்தினாள். அவன் "ஒண்ணுமில்ல, படி" என்றான். அவள் விட்ட இடத்திலிருந்து படித்தாள். ஒருவரையொருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் நின்று அவர்களைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அம்மாவும் பார்த்தாள்.

"இவங்களா அவங்க?"

"இவங்கதான். படத்துல அப்படி உருகினதெல்லாம் நடிப்பு. நேர்ல பாருங்க, ஒண்ணுமே இல்ல. செருப்பாம், புத்தகமாம்!" ஏமாற்றத்தோடு பெருமூச்சு விட்டாள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் காதலிக்கவே தெரியல."

சொல்லிவிட்டு இருவரையும் தாண்டி உள்ளே போய், விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, போனில் படத்தை மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.